பழைய பிரிட்ஜும் புதிய கண்டிராக்டும்

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவிக்கொண்டு தெருத் தெருவாக வண்டி தள்ளிய உழைப்பாளியை நம் நகரங்களில் அறியாதவர் கிடையாது. அவருடைய வாரிசு இன்று மூன்று சக்கர மிதிவண்டியிலோ, ஒலிபெருக்கி கட்டிய சிறு லாரியிலோ வருகிறார். கெட்டுப்போன பிரிட்ஜ், வாஷிங் மெஷின், டீவி, மிக்சி, ஏ.சி. எதுவானாலும் வாங்கிக்கொள்கிறார். பேரீச்சம்பழத்துக்குப் பதிலாக ரொக்கம் தருகிறார். எந்தக் கார்ப்பரேஷனும் அவரை நியமிக்கவில்லை. சம்பளச் சீட்டு, காப்பீடு, ஒரு ஜோடி கையுறை, எதையும் அவருக்கு யாரும் கொடுத்ததில்லை. ஆனாலும் இந்த நாட்டின் மின் கழிவில் பெரும்பகுதியை வீட்டு வாசலிலிருந்து காயலாங்கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் அவர்தான்.

இந்த வேலையின் மேல் இப்போது பெரிய இடத்துப் பார்வை விழுந்திருக்கிறது. 2025 அக்டோபரில் சென்னைக் கார்ப்பரேஷன், சனிக்கிழமைதோறும் பழைய சோபா, மெத்தை, துணிமணிகளோடு மின்சாதனங்களையும் வீடு தேடி வந்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தொடங்கியது. 1913 என்ற எண்ணுக்குச் சொல்லிவிட்டால் போதும் என்று அறிவித்தார்கள். நல்ல காரியம்தான், நாம் குறை சொல்லவில்லை. மாடிப்படியின் கீழே வருஷக்கணக்கில் துருப்பிடித்துக் கிடக்கும் பிரிட்ஜை வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டிலிருந்து யார் இறக்குவது? அது நகரசபையின் கடமை. ஆனால் இப்படி ஒரு ஏற்பாடு தொடங்கினால், அடுத்த கேள்வி கூடவே வந்து நிற்கும். இந்த வேலையைச் செய்யப்போவது யார்? கார்ப்பரேஷன் தொழிலாளியா, காயலாங்கடை உழைப்பாளியா, டெண்டர் எடுத்த கம்பெனியா?

"இதற்கென்று தனியாரிடம் அனுபவம் இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, கண்டிராக்ட் கொடுத்துவிடலாம்" என்று சொல்லும் குரல் எல்லா நகரசபைகளிலும் கேட்கும். அந்த யோசனைக்குத் தலையாட்டுவதற்கு முன்னால், பழைய மின்சாதனம் என்பது எப்படிப்பட்ட சரக்கு என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு சாதாரண ஒற்றைக் கதவு பிரிட்ஜின் எடை சுமார் 35 கிலோ. அதில் இரும்புத் தகடு இருக்கிறது, செம்பு இருக்கிறது, அலுமினியம் இருக்கிறது. இவை காசு. கம்ப்ரஸரும் அதற்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பியும்தான் காயலாங்கடைக்காரர் முதலில் கேட்பது. அதே பிரிட்ஜில் குளிர்விக்கும் வாயுவும் இருக்கிறது. பழைய பெட்டிகளில் ஓசோன் படலத்தை அரிக்கும் வாயு. இந்தியாவில் புதிதாக அதைத் தயாரிப்பது 2010க்குள் நிறுத்தப்பட்டது. அதன் பின்னே வந்த பெட்டிகள் பலவற்றில் இருக்கும் வாயு, பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் வலிமை கொண்டது. இப்போது வரும் பல பெட்டிகளில் இருப்பதோ தீப்பிடிக்கும் வாயு. சுவர்களுக்கு நடுவே அடைத்திருக்கும் நுரைப்பஞ்சை வாங்க ஆள் கிடையாது. அடியில் தேங்கும் எண்ணெய்க்கும் விலை கிடையாது.

குழாயை நறுக்கினால் வாயு ஒரு நிமிஷத்தில் காற்றோடு போய்விடும். அதை உறிஞ்சிச் சிலிண்டரில் அடைக்க இயந்திரம் வேண்டும், நேரம் வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். இத்தனை செலவு செய்து பிடித்த வாயுவை வாங்குவதற்கோ வரிசையில் யாரும் நிற்பதில்லை. அதாவது, ஒழுங்காகச் செய்தால் நஷ்டம். நறுக்கி எறிந்தால் லாபம். இந்தச் சரக்கின் குணமே இதுதான். லாபத்துக்காகவே ஓடும் ஒருவரிடம் இதை ஒப்படைத்துவிட்டு, யாரும் பார்க்காத இடத்தில் அவர் நஷ்டத்தைத் தேர்ந்தெடுப்பார் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

டீவி விஷயம் இன்னும் மோசம். 2006க்கும் 2011க்கும் இடையில் தமிழ்நாடு சர்க்கார் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை ஜனங்களுக்கு இலவசமாக வழங்கியது. குடிசையில் இருந்தவனும் உலகத்தைப் பார்க்கட்டும் என்று கொடுத்ததை நாம் கேலி செய்ய மாட்டோம். கேலி செய்தவர்கள் வீட்டில் எல்லாம் அப்போதே இரண்டு பெட்டிகள் இருந்தன. ஆனால் அந்தப் பெட்டிகள் அத்தனையும் கண்ணாடிப் படக்குழாய்ப் பெட்டிகள். அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. தட்டைத் திரை வந்த பிறகு அவை வரிசையாகக் கழிவாகின. காயலாங்கடைக்காரர் உள்ளேயிருக்கும் செம்புச் சுருளையும் சர்க்யூட் பலகையையும் எடுத்துக்கொண்டு குழாயை வேண்டாம் என்று தள்ளிவிடுகிறார். அது கால்வாய் ஓரத்திலோ குப்பை மேட்டிலோ உடைகிறது. 2011க்குப் பின் வந்த இலவச மிக்சி, கிரைண்டர், மின்விசிறிகளும் இப்போது அதே பாதையில் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றிலாவது மோட்டாருக்குக் காசு உண்டு.

இந்தச் சரக்கை எடைக் கணக்கில் கண்டிராக்ட் விட்டால் என்ன நடக்கும்? டன்னுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தால், தராசில் ஏறுவதெல்லாம் பணம். வாயு தராசில் ஏறாது. படக்குழாய் ஏறும், ஏறிய பிறகு அது எங்கே போனது என்பதைத் தராசு சொல்லாது. மாறாக, கார்ப்பரேஷனுக்கு இவ்வளவு தருகிறேன் என்று ஏலம் கேட்டு எடுத்தவரானால், செம்பும் அலுமினியமும் உள்ள சாதனங்களுக்கு மட்டும் வண்டி அனுப்புவார். மீதியை "எங்கள் பட்டியலில் இல்லை" என்று சொல்லிவிடுவார். இரண்டு வழியிலும் காசு கண்டிராக்டருக்கு, விஷம் ஊருக்கு. கொடுங்கையூரையும் பெருங்குடியையும் சுற்றி வாழும் ஜனங்களுக்கு இந்தப் பாகப்பிரிவினையைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

கண்டிராக்ட் முறைக்குச் சென்னையில் கால் நூற்றாண்டு சரித்திரம் இருக்கிறது. 2000ல் ஓனிக்ஸ் கம்பெனி வந்தது. 2007ல் நீல் மெட்டல் வந்தது. 2012ல் ராம்கி, 2020ல் உர்பேசர் சுமீத். பலகை மாறியது, வண்டியின் வர்ணம் மாறியது, சீருடை மாறியது. வண்டியில் ஏறிய தொழிலாளி மட்டும் பெரும்பாலும் அதே சேரிகளிலிருந்து வந்த அதே தொழிலாளிதான். ஒவ்வொரு கம்பெனி போகும்போதும் அவருடைய பழைய சர்வீஸ் காற்றில் போயிற்று. அடுத்த கம்பெனியில் அவர் மறுபடியும் புது ஆள். பத்து வருஷம் உழைத்தவருக்கும் நேற்று வந்தவருக்கும் ஒரே கூலி.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவு வேலையைத் தனியாருக்குக் கொடுத்தபோது தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 1ந் தேதி தொடங்கியது அந்தப் போராட்டம். மழையிலும் வெயிலிலும் நடைபாதையிலேயே கிடந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி பெண்கள். 13ந் தேதி நள்ளிரவில் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போயிற்று. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் மாதம் சுமார் 23 ஆயிரம் ரூபாய் பெற்று வந்தவர்கள், கண்டிராக்டரிடம் போனால் சுமார் 17 ஆயிரத்துக்கு இறங்க வேண்டும் என்பதுதான் அவர்கள் எடுத்துவைத்த கணக்கு. பழைய மின்சாதனம் எடுப்பதற்குத் தனி கண்டிராக்ட் என்று வந்தால், இந்த 17 ஆயிரமும் உத்தரவாதமில்லாத இன்னொரு படிக்கட்டு கீழே கட்டப்படும்.

ஏன் என்றால், சட்டமே அதற்கு வழி செய்து வைத்திருக்கிறது. 2025 நவம்பர் 21ந் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றில் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு, ஒரு நிறுவனத்தின் அடிப்படை வேலையில் கண்டிராக்ட் தொழிலாளரை அமர்த்தக் கூடாது என்று முன்வாசலில் எழுதி வைத்திருக்கிறது. பின்வாசலில் வேறு எழுத்து: கூட்டுவது, துப்புரவு செய்வது, எல்லா வகைக் கழிவுகளையும் சேகரித்து அகற்றுவது ஆகியவை, அந்த நிறுவனமே அந்த வேலைக்காக அமைந்ததாக இல்லாவிட்டால், அடிப்படை வேலை ஆகமாட்டாது. சரி, கார்ப்பரேஷன் எதற்காக அமைந்தது? விளக்குப் போடவும், தண்ணீர் விடவும், குப்பை எடுக்கவும்தானே ஜனங்கள் வரி கட்டுகிறார்கள்! இந்த விலக்கு கார்ப்பரேஷனுக்குப் பொருந்தாது என்று வாதாட எல்லா நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தைத் தொழிலாளிதான் கோர்ட்டுப் படியேறிச் சொல்ல வேண்டியிருக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1970ம் வருஷக் கண்டிராக்ட் தொழிலாளர் சட்டம் 20 பேரோ அதற்கு மேலோ என்றால் செல்லுபடியாயிற்று. புதிய தொகுப்பு அந்த எண்ணிக்கையை 50 ஆக்கிவிட்டது. மண்டலத்துக்கு ஒரு லாரி, நாற்பது ஆட்கள் என்று வேலையைத் துண்டு போட்டுக் கொடுத்தால், கண்டிராக்டர் இந்தப் பகுதியின் கைக்கே எட்ட மாட்டார்.

இனி, பணம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். சாதனத்தைச் செய்து விற்ற கம்பெனியே அதன் முடிவுக்கும் பொறுப்பு என்பதுதான் 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த மின் கழிவு விதிகளின் அடிப்படை. கம்பெனி தானே தெருவுக்கு வர வேண்டியதில்லை. பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலையிடமிருந்து சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்டினால் போதும். இந்தச் சான்றிதழ்க் கணக்கு தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் ஆகிய உலோகங்களைச் சுற்றியே அமைந்தது. சான்றிதழின் விலையை அடிமாட்டு விலைக்கு இறக்கிவிடக் கூடாது என்று 2024ல் மத்திய சர்க்கார் ஒரு குறைந்தபட்ச விலை வைத்தது. வீட்டுச் சாதனங்களுக்குக் கிலோவுக்கு 22 ரூபாய். 35 கிலோ பிரிட்ஜ் என்றால் 770 ரூபாய். பதினைந்தாயிரத்துக்கு மேல் விற்கும் ஒரு பொருளுக்கு, அது செத்த பிறகு ஈமக்கடனாக 770 ரூபாய்!

அதற்கே என்ன கூச்சல்! டெய்கின், சாம்சங், எல்ஜி, வோல்டாஸ் முதலிய கம்பெனிகள் 2025ல் டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போயின. விலையைச் சந்தை தீர்மானிக்க வேண்டும், சர்க்கார் தலையிடக் கூடாது என்பது அவர்கள் வாதம். பெரும்பகுதிக் கழிவு பதிவில்லாத சிறு தொழில்களில் கிடக்கிறது, ஆலைகளுக்கு விலை கட்டுபடியானால்தான் அது ஒழுங்கான வழிக்கு வரும் என்பது சர்க்காரின் பதில். இந்த ஒரு விஷயத்தில் சர்க்கார் சொன்னது நியாயம் என்று ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை. ஆனால் அந்த 22 ரூபாயில் தெருவில் வண்டி தள்ளுபவருக்கு எத்தனை பைசா? விதியில் அதற்கு ஒரு வரியும் கிடையாது. சான்றிதழ் கம்பெனிக்கும் ஆலைக்கும் நடுவே நடக்கும் வியாபாரம். நடுவில் கார்ப்பரேஷன் ஒரு கண்டிராக்டரை உட்கார்த்தினால், கார்ப்பரேஷனிடம் டன் கூலி ஒரு கையிலும், ஆலையிடம் சரக்கு விலை மறு கையிலும் வாங்குவார். ஒரே பிரிட்ஜுக்கு இரண்டு வரவு. ஒன்று ஜனங்களின் வரிப்பணம்.

2016ம் வருஷ விதிகளில் சேகரிப்பு மையத்துக்கும் பிரித்தெடுப்பவருக்கும் தனி இடம் இருந்தது. 2022 விதிகள், செய்பவர், விற்கும் கம்பெனி, பழுதுநீக்கிப் புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர் என்று நான்கு வகையினரை மட்டும் பதிவுக்கு ஏற்றன. நாலு ஸ்குரு டிரைவரும் ஒரு சுத்தியும் வைத்துப் பிழைக்கும் பட்டறைக்காரர் அந்த நாலில் எதிலே நுழைவார்?

ஆனாலும் அதே விதிகளில் ஒரு நல்ல பக்கம் இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்க்கும் உத்தியோகஸ்தர்கள் குறைவு என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம். மின் கழிவைப் பிரிப்பதற்கும் மறுசுழற்சிக்கும் தொழிற்பேட்டைகளில் இடமோ கொட்டகையோ ஒதுக்க வேண்டும். இந்த வேலையில் இருக்கும் தொழிலாளர்களை அடையாளம் கண்டு பதிவு செய்ய வேண்டும். அவர்கள் குழுக்களாகச் சேர்ந்து பட்டறை அமைக்க உதவ வேண்டும். பயிற்சி தர வேண்டும். அவர்களின் பாதுகாப்பையும் ஆரோக்கியத்தையும் வருஷந்தோறும் கண்காணிக்க வேண்டும். இத்தனையும் மாநில சர்க்கார்களின் கடமை என்று அந்த விதிகளே சொல்கின்றன. குப்பையோடு கலந்து வரும் மின் கழிவைப் பிரித்தெடுத்து அனுப்புவதும், உரிமை கோர கம்பெனி இல்லாத அநாதைச் சாதனங்களைச் சேகரிப்பதும் நகர நிர்வாகத்தின் கடமை. கம்பெனியே மறைந்துபோன டீவிக்குச் சான்றிதழ் கேட்டு யார் வரப்போகிறார்கள்? அதை எடுக்க வேண்டியது கார்ப்பரேஷன்தான். கண்டிராக்ட் கொடுத்தால் இந்தக் கடமை தீர்ந்துவிடாது.

புதுப்பேட்டையில் பழைய மோட்டாரைப் பிரிப்பவரையும், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மிக்சியைத் துடைத்து வைத்து விற்பவரையும், ரிச்சி தெருவில் சர்க்யூட் பலகைக்கு உயிர் கொடுப்பவரையும் "முறைசாராத் துறை" என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறார்கள். இவர்களால்தான் விஷம் பரவுகிறது என்று கருத்தரங்குகளில் படம் காட்டுகிறார்கள். கம்பியை எரித்துச் செம்பு எடுப்பது விஷம்தான். அதை நாம் மறைக்கவில்லை. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது எரிப்பவரும் பக்கத்தில் நிற்கும் அவர் பிள்ளையும். கம்பியின் தோலை உரிக்கும் சிறு இயந்திரம் கையில் இருந்தால் அவர் ஏன் எரிக்கப்போகிறார்? வாயு உறிஞ்சும் பம்பு ஒரு பொதுக் கொட்டகையில் இருந்தால் ஏன் குழாயை நறுக்கப்போகிறார்? அதே நேரத்தில், இன்னும் ஓடக்கூடிய மோட்டாரை உடைக்காமல் வேறொரு ஏழை வீட்டுக் கிரைண்டரில் பொருத்தி ஓடவிடும் கைத்திறன் அவரிடம்தான் இருக்கிறது. எந்தப் பெரிய ஆலையின் நொறுக்கும் இயந்திரத்துக்கும் அந்தப் புத்தி கிடையாது.

வேறு வழி உண்டா என்று கேட்பவர்கள் புனாவைப் பார்க்கட்டும். அங்கே கழிவு பொறுக்கும் உழைப்பாளிகள் 1993லேயே தொழிற்சங்கம் கண்டார்கள். அந்தச் சங்கத்திலிருந்து பிறந்த 'ஸ்வச்' கூட்டுறவு, 2008ல் புனாக் கார்ப்பரேஷனோடு நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்டு வீடு வீடாகக் கழிவு எடுக்கத் தொடங்கியது. கூட்டுறவின் உடைமையாளர்கள் அந்தத் தொழிலாளர்களே. நடுவில் முதலாளி கிடையாது. பழைய மின்சாதனங்களையும் அவர்கள் சேகரித்திருக்கிறார்கள். எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நாம் சொல்லவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கும் போதெல்லாம் அவர்களை வெளியேற்றிக் கம்பெனியை உள்ளே கொண்டுவரும் முயற்சி நடந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவர்கள் தெருவில் இறங்கித்தான் வேலையைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

கேரளத்தில் வேறு விதம். அங்கே 'கிளீன் கேரளா' என்ற சர்க்கார் கம்பெனி, 'ஹரித கர்ம சேனை' என்ற பெண் தொழிலாளர் படையைக் கொண்டு மின் கழிவை எடுக்கிறது. 2025ல் வீட்டுக்காரருக்குச் சாதனத்துக்கு ஏற்ற விலையும் கொடுத்து எடுக்கத் தொடங்கினார்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நம் ஜனங்கள் பழைய சாமானைச் சும்மா தூக்கிக் கொடுப்பவர்கள் அல்ல. காயலாங்கடைக்காரர் முன்னூறு ரூபாய் தரும்போது கார்ப்பரேஷன் லாரிக்கு ஏன் இலவசமாகக் கொடுக்க வேண்டும்? இலவச வண்டி வைத்தால் காயலாங்கடை வேண்டாம் என்று தள்ளியதுதான் வந்து சேரும். சேகரித்த அளவு போதவில்லை என்று பிறகு கண்டிராக்டர் நஷ்டஈடு கேட்பார்!

மறுப்பாகச் சொல்லப்படும் ஒரு வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சர்க்யூட் பலகையிலிருந்து தங்கம் எடுப்பது, படக்குழாயின் ஈயக் கண்ணாடியைப் பிரிப்பது போன்றவை கொட்டகைத் தொழில் அல்ல. பெரிய ஆலை வேண்டும், மூலதனம் வேண்டும். சரி. பிரித்த பாகங்களைப் பதிவு பெற்ற ஆலைகளுக்கு, அவை தனியாருடையவை ஆனாலும், பகிரங்க ஏலத்தில் விற்கட்டும். கூடவே எவ்வளவு வாயு, எவ்வளவு நுரைப்பஞ்சு, எத்தனை படக்குழாய் போனது என்று எண்ணிக் கணக்குக் கேட்கட்டும். இதை நாம் எதிர்க்கவில்லை. வீட்டு வாசலில் எடுப்பது, தூக்குவது, பிரிப்பது ஆகிய வேலைகளைக் கண்டிராக்டரிடம் தூக்கிக் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறோம். உழைப்பு அங்கேதான் இருக்கிறது. செம்பும் அங்கேதான் கை மாறுகிறது.

2022ல் உலகம் முழுவதும் சேர்ந்த மின் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம் மட்டுமே என்று ஐக்கிய நாடுகள் சபை ஸ்தாபனங்களின் 2024ம் வருஷ அறிக்கை சொல்லிற்று. பணக்கார நாடுகளையும் சேர்த்துத்தான் இந்த லட்சணம். எனவே நம் ஊர் காயலாங்கடைக்காரர் தலையில் உலகத்துப் பாவத்தை ஏற்ற வேண்டியதில்லை.

கார்ப்பரேஷன்களை நாம் கேட்பது இதுதான். பழைய மின்சாதனம் எடுக்கும் வண்டிகளில் கார்ப்பரேஷனின் சொந்தத் தொழிலாளர்களை நிரந்தரச் சம்பளத்தில் ஏற்றுங்கள். மண்டலத்துக்கு ஒரு கொட்டகை கட்டுங்கள். அதில் வாயு உறிஞ்சும் பம்பும், கம்பி உரிக்கும் இயந்திரமும், நல்ல காற்றோட்டமும், குளியலறையும் இருக்கட்டும். காயலாங்கடை உழைப்பாளிகளைப் பதிவு செய்து அடையாள அட்டை கொடுங்கள். அவர்கள் கூட்டுறவு அமைத்தால் கொட்டகையை அவர்கள் கையில் விடுங்கள். கம்பெனிகள் சான்றிதழுக்காகத் தரும் பணத்தில் ஒரு பங்கு அந்தக் கொட்டகைக்கு வரும்படி மாநில சர்க்கார் மத்திய சர்க்காரிடம் வாதாடட்டும். இதை விட்டுவிட்டு, எங்காவது ஒரு நகரசபை டெண்டர்தான் விடுவேன் என்று கிளம்புமானால், அதன் நிபந்தனைகளைத் திறந்த மன்றக் கூட்டத்தில் வரி வரியாக வைக்க வேண்டும். அதற்கும் முன்னால் துப்புரவுத் தொழிலாளர் சங்கங்களையும் பழைய சாமான் வியாபாரத்தில் பிழைக்கும் உழைப்பாளிகளையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச வேண்டும்.